ஒரு துண்டு போர்த்தக் கூடாதா?

எங்கள் பொம்மைப்படத்தில் ஒரு முதியவள் குளிக்கும் காட்சியை வைத்தது சரிதான் என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. அதைப் படமாக்கிய நாள்களில் வீட்டுக்கார ஆச்சி கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில்தான் மனத்தை அரிக்கிறது.

கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்ய, பர்மா போன கணவர் திரும்பாமலே முதுமை எய்திய ஒருத்தியின் கதை அது. காரைக்குடிப் பக்கத்து வீடொன்றின் இரண்டாம் கட்டுக்குள், வளவு எனும் முற்றத்தின் வெயில் உள்ளே விழாதபடி கறுப்புத் துணி கட்டி, பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்திப் படமெடுத்தோம். ஒரு விநாடிப் படத்துக்கு 24 சட்டகங்கள், அதாவது அசையாப் படங்கள். ஒவ்வோர் அசைவையும் இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்தினாலும் 12 முறை கை வைக்க வேண்டும். கம்பி எலும்பின் மேல் சிலிக்கோன் தோல். நரைமுடியை ஊசியால் ஒவ்வொன்றாகப் பிடரியில் குத்தி நட்டிருந்தோம். கண்மணிகளைக் குண்டூசி முனையால் திருப்புவோம். அவள் கொண்டையை அவிழ்த்துத் தன் தளர்ந்த உடம்பைக் குனிந்து பார்க்கும் சில விநாடிகளுக்கே பல நாள்கள் ஆயின.

மாலையில் விளக்குகளை அணைத்தபின் பொம்மையை இருந்த நிலையிலேயே விட்டுவிட்டுப் போவோம். அப்படிக் கிளம்பும்போதுதான் ஆச்சி எட்டிப் பார்த்தார்.

“ஏந் தம்பி, ராத்திரி பூரா இப்படியேவா விட்டுட்டுப் போறீக? ஒரு துண்டையாச்சும் போத்திவிடக் கூடாதா?”

“துணி பட்டு ஒரு இழை நகந்தாலும் நாளைக்குப் படத்துல உடம்பு துள்ளிரும் ஆச்சி. பிள்ளைக படமும் இல்ல இது, பெரியவங்க பாக்குறது.”

“பெரியவுகளுக்குன்னுதானே நானும் கேக்குறேன்” என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

என் பதிலின் முதல் பாதி தொழில்முறைப்படி முழுக்க உண்மை. பாதங்களைத் திருகாணியால் தளத்தோடு முடுக்கியிருந்தாலும் இடுப்பும் தோளும் கம்பியின் பிடியில்தான் நிற்கின்றன. துணி படாமல் அட்டைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்திருக்கலாமே என்று பிறகு தோன்றியது. கேமராவும் விளக்குத் தாங்கிகளும் நின்ற நெருக்கத்தில் அதற்கும் இடமிருந்திருக்காது. இருந்திருந்தால் செய்திருப்பேனா என்றால், உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இரண்டாம் பாதிதான் தொந்தரவு செய்கிறது. பொம்மைப்படம் என்றாலே பிள்ளைகளுக்கு என்று நினைக்கும் முதலீட்டாளர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியம் அது. 2015-இல் வந்த ‘அனோமலிசா’ என்ற பொம்மைப்படத்தில் இயக்குநர்கள் சார்லி காஃப்மனும் டியூக் ஜான்சனும் முகத்தின் இணைப்புக் கோடுகளைக்கூட அழிக்காமல் விட்டார்கள், இருந்தும் அந்தப் பொம்மைகள் ஆடையின்றிக் கட்டிலில் தயங்கும்போது, பார்ப்பவருக்கு அடுத்தவர் அறைக்குள் நுழைந்துவிட்ட கூச்சம் வருகிறது. பொம்மை என்று தெரிந்தே அதை ஓர் ஆளாக ஏற்றுக்கொள்ளும் அந்தக் கூச்சத்தை நம்பித்தான் நாங்களும் படமெடுத்தோம். எந்த விளக்கமும் இல்லாமல் அதை உணர்ந்த முதல் ஆள் ஆச்சி. அவருக்கு நான் இது பெரியவர்கள் படம் என்று விளக்கிக்கொண்டிருந்தேன்.

புரவி எடுப்புத் திருவிழாவுக்கு வேளார் எனும் குயவர் செய்யும் மண்குதிரை, கண் திறக்கும் சடங்குவரை வெறும் மண், திறந்தபின் ஐயனாருடையது. அதைப் பார்த்து வளர்ந்தவருக்கு, கண்ணைத் திறந்து வைத்த ஓர் உருவத்தை இருட்டில் அம்மணமாக விட்டுப் போவது எப்படிப் பட்டிருக்கும் என்று யோசிக்கிறேன். ஆனால் அவர் சொன்னது அதைத்தான் என்று கொள்வதும் என் கற்பனையாக இருக்கலாம். வயதான ஒரு பெண்ணுக்குத் தன்னைப்போன்ற ஓர் உடம்பைப் பார்த்த சங்கடமாகவும் இருக்கலாம். நகர்த்துகிற கை பொம்மையைப் பொருளாகக் கருதாவிட்டால் வேலை நடக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அப்படிக் கருதிய கை கொடுத்த அசைவில் எப்படி உயிர் வந்தது என்ற கேள்விக்கு மட்டும் விடை கிடைக்கவில்லை.

இப்போதைய படத்திலும் அத்தகைய காட்சி ஒன்று உண்டு. அதை இரவில் பாதியில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் எடுத்து முடிக்க வேண்டும் என்று அட்டவணையில் எழுதினேன். காரணம் கேட்ட ஒளிப்பதிவாளரிடம், சிலிக்கோனில் தூசு ஒட்டும் என்றேன். தூசும் ஒட்டத்தான் செய்யும்.