சாரணப் பொறுப்பாசிரியருக்கு நன்றி

கிளிநொச்சியில் எங்கள் மகன் பயிலும் பாடசாலையின் சாரணர் குழுவை வழிநடத்தும் பொறுப்பாசிரியருக்கும், அவருக்குத் துணைநிற்கும் பழைய மாணவர்களுக்கும் ஒரு தந்தையாக என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். 1912 இல் மாத்தளையில் தொடங்கிய இலங்கைச் சாரணியம், 2009 இல் போர் முடிந்த பின்னர் மீண்டெழுந்த எங்கள் வன்னிப் பாடசாலைகளில் இன்று உயிர்ப்புடன் இருப்பதற்கு, தம் ஓய்வு நேரத்தைக் கொடுப்பனவு எதுவும் பாராமல் ஒதுக்கும் இத்தகையவர்களே காரணம். சாரணர் பழகும் கயிற்றுக் கட்டான தட்டை முடிச்சில் இடம் வலம் மாறிக் கயிறு நழுவும்போதெல்லாம், ஆசிரியர் தாமே கட்டிக் கொடுக்காமல், மகனின் அருகில் குந்தியிருந்து, அவன் அவிழ்த்து மீண்டும் கட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தார் (வீட்டில் எங்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது). சாரணருக்கான அதியுயர் விருதான ஜனாதிபதி சாரணர் விருது பிறகு வரட்டும். பாசறை முடிந்து வந்தவன் தன் சீருடையைத் தானே துவைத்துக் காயப்போடுகிறான். அடுத்த பாசறைக்கான சமையலைப் பெற்றோராகிய நாங்கள் பொறுப்பேற்கிறோம், ஐயா.