மீசைப் பெருமாளும் சேப்பாக்கத்துச் சத்தமும்

அம்மாவின் தலைத்திவசம் முடிந்த மறு வாரம், மகளை அழைத்துக்கொண்டு திருவல்லிக்கேணி போனேன். குளக்கரையில் செருப்பை விடும்போதே எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அம்மா எப்போதும் இந்த இடத்தில்தான் நிற்பாள். கோபுரத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, "மேகம் போட்டிருக்கா பாரு" என்பாள். குடை எடுத்து வரவில்லையே என்ற கவலை இல்லை. அன்றைக்குச் சேப்பாக்கத்தில் கிரிக்கெட் மேட்ச் இருக்கும்.

அம்மா பிறந்தது, வளர்ந்தது எல்லாம் பார்த்தசாரதி கோயிலைச் சுற்றித்தான். ஸ்டேடியம் அங்கிருந்து நடந்து போகிற தூரம். பொங்கலையொட்டி சென்னையில் டெஸ்ட் நடக்கிற காலம் அது. 1975 ஜனவரியில் வெஸ்ட் இண்டீஸின் ஆண்டி ராபர்ட்ஸ் நம் ஆட்களை ஒவ்வொருவராகச் சாய்த்துக்கொண்டிருக்க, விஸ்வநாத் ஆட்டமிழக்காமல் 97 எடுத்தாரே, அதை மொட்டை மாடியில் டிரான்சிஸ்டரைக் காதோடு வைத்துக் கேட்டவள். எத்தனை சதம் வந்தாலும் அந்த 97-க்கு ஈடாகாது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். பின்னால் வீட்டுக்குக் கேபிள் டிவி வந்தது. டிவியில் பந்து போய்ச் சேர்வதற்குள் மைதானத்துச் சத்தம் ஜன்னல் வழியாக வந்துவிடும். அந்தச் சத்தத்தை வைத்தே அவுட்டா, பவுண்டரியா என்று சொல்லிவிடுவாள்.

அவளுடைய நோட்டு ஒன்று இப்போது என்னிடம் இருக்கிறது. நீள நோட்டு, பழுப்பு அட்டை. முன்பக்கத்திலிருந்து திறந்தால் ஸ்ரீராமஜெயம், நெருக்க நெருக்கமாக, நீல மையில். திருப்பிப் பின்பக்கத்திலிருந்து திறந்தால் ஸ்கோர். யார் எத்தனை, யார் பந்தில் யார் பிடித்தார் எல்லாம் அதே கையெழுத்தில். மேட்ச் முடிந்த அன்று கோயிலுக்குப் போய்வந்து, பிரசாதத் துளசியில் ஒரு இலையை அந்தப் பக்கத்தில் வைத்து மூடுவாள். அந்த நோட்டைப் பையில் போட்டு எடுத்துப் போயிருந்தேன்.

அன்று கூட்டம் அதிகமில்லை. மூலவர் வேங்கடகிருஷ்ணனை நின்று சேவிக்க முடிந்தது. முறுக்கு மீசை. வலக்கையில் சங்கு, இடக்கை திருவடியைக் காட்டுகிறது. சக்கரம் கிடையாது. பாரதப் போரில் ஆயுதம் எடுக்க மாட்டேன் என்று கொடுத்த வாக்கை இன்றைக்கும் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறார். கூடவே ருக்மிணித் தாயார், அண்ணன் பலராமர், தம்பி சாத்யகி, மகன் பிரத்யும்னன், பேரன் அநிருத்தன். இத்தனை வருஷம் சேவித்திருக்கிறேன், ஆனால் மூன்று தலைமுறை ஒரே கருவறையில் இருப்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. போன முறை வந்தபோது நாங்களும் மூன்று பேராக நின்றோம்.

உற்சவர் பார்த்தசாரதியின் முகத்தில் தழும்புகள் இருக்கும். தேரோட்டியபோது பீஷ்மரின் அம்புகள் பட்ட வடு. அம்மா அவற்றைப் பார்க்காமல் நகரவே மாட்டாள். "யாருக்கும் அடிபடாமல் ஆட்டம் முடியணும்" என்று மட்டும்தான் வேண்டிக்கொள்வாள். நம் அணி ஜெயிக்க வேண்டும் என்று ஒருநாளும் வேண்டியதில்லை. ஏன் என்று எனக்குப் புரிந்தது 1999-ல்தான்.

ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. பாகிஸ்தானோடு டெஸ்ட், நான்காம் நாள். அம்மாவும் நானும் ஸ்டேடியத்தில் இருந்தோம். 271 எடுக்க வேண்டும், 82-க்கு 5 விக்கெட் போய்விட்டது. அப்புறம் சச்சினும் மோங்கியாவும் நின்றார்கள். முதுகுவலி தாங்காமல் சச்சின் குனிந்து நிமிரும்போதெல்லாம் அம்மாவின் உதடு அசையும். 136-ல் அவர் அவுட்டானபோது பாக்கி 17 ரன்தான். மீதி 3 விக்கெட்டும் 4 ரன்னுக்குள் விழுந்தன. 12 ரன்னில் தோற்றோம்.

கொஞ்ச நேரம் ஸ்டேடியமே வாயடைத்துப்போய் இருந்தது. பிறகு எங்கோ ஒரு கைதட்டல் கேட்டது. பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி வரவர, சனம் முழுக்க எழுந்து நின்று தட்டியது. அம்மாவும் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து தட்டினாள். எனக்குக் கோபம், அழுகை. நான் எழுந்திருக்கவில்லை.

அன்று சாயங்காலம் இதே சந்நிதிக்கு என்னைக் கூட்டி வந்தாள். "சேனை முழுசையும் துரியோதனனுக்குக் கொடுத்துட்டு, வெறுங்கையோட அர்ஜுனன் தேர்ல ஏறினவர்டி இவர். ரெண்டு பக்கமும் அவர் ஆளுங்கதான் நின்னாங்க. இவர்கிட்ட போய் யாரை ஜெயிக்க வைன்னு கேக்கறது? நல்லா ஆடினா கை தட்டணும், அவ்வளவுதான்."

இதையெல்லாம் பிரகாரத்தில் நடந்துகொண்டே மகளுக்குச் சொன்னேன். அவள் பள்ளி அணியில் ஆஃப் ஸ்பின் போடுகிறாள். பந்தை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று முதலில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துக் காட்டிக்கொடுத்ததே பாட்டிதான். நரசிம்மர் அழகியசிங்கரைச் சேவித்துவிட்டு, தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். நெய் விரலெல்லாம் ஒட்டியது. மகள் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு நோட்டைக் கேட்டாள்.

பின்பக்கத்திலிருந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். 1999 வந்தது. கடைசி விக்கெட் வரை எழுதி, கீழே "12 ரன்" என்று கோடு போட்டிருந்தாள் அம்மா. நடுவில் துளசி கறுத்து, காம்பு மட்டும் முழுசாக இருந்தது.

மகள் தன் கையிலிருந்த துளசியில் ஒரு இலையைக் கிள்ளி, அந்தக் காம்புக்குப் பக்கத்தில் வைத்து, நோட்டை மெதுவாக மூடினாள்.