எதற்காகக் காத்திருக்கிறோம்?

"டாக்டர், நாம் எதற்காகக் காத்திருக்கிறோம்?" என்று ஸ்கேனுக்காகப் படுத்திருந்த கர்ப்பிணி கேட்டார். "சின்னக் குழந்தையின் சிறுநீர்ப்பை தெரியவில்லை. நிரம்புகிறதா என்று பார்க்கிறேன்" என்றேன். அந்த அறையில் எங்களுக்குள் நடந்த முக்கியமான பேச்சு இவ்வளவே. அந்தப் பதிலைச் சொல்லியிருக்கத்தான் வேண்டும் என்று பலமுறை எனக்கு நானே வாதாடியிருக்கிறேன். வாதாடி முடித்த பிறகும் மனம் அங்கேயே போய் நிற்கிறது.

அவருக்கு அப்போது 19 வாரம். ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டைக் குழந்தைகள். இப்படிப்பட்ட கர்ப்பத்தில் 16 வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. ஒரே நஞ்சுக்கொடிக்குள் இரு குழந்தைகளின் ரத்தக் குழாய்களும் இணைந்திருக்கும். பெரும்பாலும் கொடுக்கல் வாங்கல் சமமாகவே நடக்கும். 100 பேரில் 10 முதல் 15 பேருக்கு அது ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். கொடுக்கும் குழந்தைக்கு ரத்தம் குறைய, சிறுநீர் குறைய, அதைச் சுற்றியுள்ள பனிக்குட நீர் வற்றிப்போகும். வாங்கும் குழந்தையோ தாங்க முடியாத அளவு ரத்தத்தைச் சுமந்து, ஓயாமல் சிறுநீர் கழித்து, தன் பக்கத்தில் நீரைப் பெருக்கிக்கொண்டே இருக்கும். நாளடைவில் அதன் இதயம் தளரும். நன்றாக வளர்ந்திருக்கும் குழந்தைக்கும் அதே அளவு ஆபத்து என்பதைப் பெற்றோருக்குப் புரியவைப்பதுதான் எப்போதும் கடினமாக இருந்திருக்கிறது.

அன்று ஒரு பக்கம் நீரின் ஆழம் 8 செ.மீ.க்கு மேல், மறுபக்கம் 2 செ.மீ.க்கும் கீழ். சின்னக் குழந்தை அசைய இடமில்லாமல், பனிக்குடச் சவ்வு உடலோடு ஒட்டி, கர்ப்பப்பைச் சுவரோரம் ஒதுங்கிக் கிடந்தது. நோய் இதுதான் என்பது தெளிவாகிவிட்டது. எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. 1999-இல் வகுக்கப்பட்ட நிலைகளின்படி, கொடுக்கும் குழந்தையின் சிறுநீர்ப்பை தெரிந்தால் முதல் நிலை, தெரியாவிட்டால் இரண்டாம் நிலை. முதல் நிலையில் பலருக்கு அப்படியே நின்றுவிடுவதும் உண்டு, பொறுத்துப் பார்க்கலாம். இரண்டாம் நிலை என்றால், இணைப்புக் குழாய்களை மூடும் லேசர் சிகிச்சை. அதற்கு அன்றே வேறு மருத்துவமனைக்கு அனுப்பியாக வேண்டும்.

கருவில் இருக்கும் குழந்தையின் சிறுநீர்ப்பை ஏறத்தாழ அரை மணிக்கு ஒருமுறை நிரம்பி வடியும். ஒருமுறை பார்த்துத் தெரியவில்லை என்பதால் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஆகவே கருவியைக் கையில் பிடித்தபடி காத்திருந்தேன். அதுவரை பேசிக்கொண்டே ஸ்கேன் செய்தவர் திடீரென்று மௌனமானால் படுத்திருப்பவருக்குத் தெரியாமல் போகுமா? அதனால்தான் கேட்டார்.

"எல்லாம் பார்த்து முடித்ததும் சொல்கிறேன் அம்மா" என்று நான் சொல்லியிருக்கலாம். ஆயிரம் முறை சொன்ன வாக்கியம் அது. அந்த வாக்கியத்தைக் கேட்டுவிட்டுக் கூரையைப் பார்த்துக் கொண்டு படுத்திருந்த எத்தனையோ முகங்களும் நினைவில் இருக்கின்றன. என்னவென்று தெரியாத ஒன்றுக்குப் பயப்படுவதைவிடத் தெரிந்த ஒன்றுக்குப் பயப்படுவது மேல் என்பது என் நம்பிக்கை. அதனால் சொன்னேன். "நிரம்பாவிட்டால்?" என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

அதன் பிறகு அவர் அழவில்லை. தலையைத் திருப்பித் திரையைப் பார்க்கத் தொடங்கினார். ரத்த ஓட்டத்தை வண்ணத்தில் காட்டும் டாப்ளரில் தொப்புள்கொடியின் இரண்டு தமனிகளும் வண்ணக் கோடுகளாகப் பிரிந்து ஓடுவதையும், அவற்றின் நடுவில்தான் சிறுநீர்ப்பை கரும்புள்ளியாகத் தெரிய வேண்டும் என்பதையும் காட்டினேன். கொஞ்சம் இருட்டாக எது தென்பட்டாலும் "இதுவா?" என்பார். "இல்லை அம்மா, அது இரைப்பை." மறுபடி, "இதுவா?" "அது நிழல்." அவர் கணவர் நாற்காலியை விட்டு எழுந்து கட்டிலருகே வந்து நின்று அவரும் தேடினார். மூன்று பேரும் அந்தக் கோடுகளின் நடுவையே பார்த்துக்கொண்டிருந்தோம். நிரம்பவில்லை.

எழுந்து உட்கார்ந்ததும் அவர் கேட்டது, "நான் ஏதாவது செய்துவிட்டேனா?" என்பதுதான். நஞ்சுக்கொடி உருவாகும்போதே அமைந்துவிட்ட குழாய்கள் இவை. நடந்ததாலோ, வேலைக்குப் போனதாலோ, கவலைப்பட்டதாலோ வந்தது அல்ல என்றேன். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எந்தத் தாய் கேட்டாலும், கேட்காவிட்டாலும் இதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

எண்களைச் சொல்லவில்லை. 2004-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், லேசர் பெற்றவர்களில் 76 சதவீதத்தினருக்குக் குறைந்தது ஒரு குழந்தையாவது 28 நாள் கடந்து உயிரோடு இருந்தது. மிகுந்த பனிக்குட நீரை மட்டும் வடித்துக்கொண்டவர்களில் 56 சதவீதம். இந்தச் சிகிச்சையின் மேல் நம்பிக்கை பிறந்ததே இந்த எண்களால்தான். ஆனால் இரண்டைச் சுமப்பவரிடம் "குறைந்தது ஒன்றாவது" என்று தொடங்கும் வாக்கியத்தை எப்படி எடுத்துச் சொல்வது? அறுவை செய்யும் மருத்துவர் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். சிறுநீர்ப்பையைப் பற்றி உடனே சொல்லத் துணிந்த நான், இதை மட்டும் ஏன் தள்ளிப்போட்டேன் என்பதற்கு என்னிடம் ஒழுங்கான விடை இல்லை. கேட்டதைச் சொன்னேன், கேட்காததைச் சொல்லவில்லை என்பது சமாதானம். அது முழுச் சமாதானமாகவும் இல்லை.

லேசர் நடந்தது. சில நாட்களில் பெரிய குழந்தையின் இதயம் நின்றுவிட்டது. இணைப்புக் குழாய்கள் மூடப்பட்டிருந்ததால் சின்னக் குழந்தையின் ரத்தம் அந்தப் பக்கம் வடிந்து போகவில்லை, தப்பித்தது. மாதம் நிறைவதற்கு முன்பே பிறந்து, பச்சிளங்குழந்தைப் பிரிவில் வெகுநாள் இருந்து, வீடு திரும்பியது.

பிறகொரு நாள் அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார்கள். எதற்குக் காத்திருந்தோம் என்று சொன்னது நல்லதாயிற்று என்றார். அன்று எல்லாரும் மழுப்பியிருந்தால் பிறகு யாரையும் நம்பியிருக்க மாட்டேன் என்றார். எனக்கு ஆறுதலாக இருந்தது. தொடர்ந்து, குரலை உயர்த்தாமல், குறையாகவும் சொல்லாமல், "அன்றைக்கு அவ்வளவு நேரமும் இவனையே பார்த்துக்கொண்டிருந்தோம், டாக்டர். பெரியவனைப் பார்க்கவே இல்லை" என்றார். கணவர் "அப்படியெல்லாம் யோசிக்காதே" என்றார். நான் எதுவும் சொல்லவில்லை.

மருத்துவ வகையில் எதுவும் விடுபடவில்லை. பெரிய குழந்தையின் இதயத்தையும் ரத்த ஓட்டத்தையும் அன்றே முழுவதுமாகப் பரிசோதித்துக் குறித்திருந்தேன். அவர் சொன்னது அதை அல்லவே. எங்கே பார்க்க வேண்டும் என்று ஒரு தாய்க்கு நான் சுட்டிக்காட்டினேன். அவர் அங்கேயே பார்த்தார். பெரிய குழந்தை உயிரோடு அசைந்துகொண்டிருந்ததை அவர் கண்ணாரக் காணக் கிடைத்த கடைசி வாய்ப்புகளில் ஒன்று அது. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவர் பார்வை இரண்டு குழந்தைகள் மேலும் மாறி மாறிப் போயிருக்குமோ? கூரையைத்தான் பார்த்திருப்பாரோ? யார் சொல்ல முடியும்? சொன்னது சரி என்று இன்றும் நம்புகிறேன். ஆனாலும் உண்மையைச் சொல்லிவிட்டால் நம் கடமை முடிந்தது என்று முன்பு இருந்த தெளிவு இப்போது இல்லை.

இப்போதெல்லாம் ஸ்கேன் தொடங்கும் முன், "பார்க்கப் பார்க்கச் சொல்லட்டுமா, முடித்துவிட்டுச் சொல்லட்டுமா?" என்று கேட்கிறேன். பலர் முதலாவதைத்தான் கேட்கிறார்கள். சிலர் "உங்களுக்கு எது சரியோ அப்படிச் செய்யுங்கள்" என்று என் தலையிலேயே போட்டுவிடுகிறார்கள். இன்னொன்றும் செய்கிறேன்: ஒரு குழந்தைக்காக நிற்க வேண்டி வந்தால், இடையிடையே மற்றக் குழந்தைக்கும் திரையைத் திருப்பி, இதயம் துடிப்பதைச் சற்று நேரம் காட்டுகிறேன். நோயைக் கண்டறிய அந்த நேரம் தேவையில்லை. வெளியே இன்னொரு தாய் இதே பயத்தோடு உட்கார்ந்திருக்கிறார் என்று உடன் பணிபுரியும் மருத்துவர் ஒருமுறை நினைவுபடுத்தினார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. இருந்தும் அந்தப் பழக்கத்தை நான் விடவில்லை.