மெஸ்ஸுக்கு உணவு பாதுகாப்பு உரிமம் வாங்கிய கதை: முத்திரை வாங்காமல் எந்தக் காகிதத்தையும் கொடுக்காதீர்கள்

கொங்குப் பக்கம் ஒரு தாலுகா ஊரில் நானும் என் வீட்டுக்காரரும் அசைவ மெஸ் நடத்துகிறோம். மதியம் சாப்பாடு, சாயங்காலம் பரோட்டா, சிக்கன் 65. பதிவுச் சான்றிதழில் இருந்து மாநில உரிமத்துக்கு மாறுவதற்குள் பட்ட பாட்டை மனசு ஆறுவதற்கு முன் எழுதிவிடுகிறேன். புதிதாகக் கடை போடுகிற யாருக்காவது ஒரு அலைச்சல் மிச்சமானாலும் போதும்.

2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுப் பெண் இறந்துபோனாள். அதற்கப்புறம் ஊர் ஊராகச் சோதனை நடந்தது. எங்கள் கடைக்கும் வந்தார்கள். வந்ததைத் தப்பென்று சொல்லவே மாட்டேன். காசு கொடுத்துச் சாப்பிட வருகிறவர் நம்மை நம்பித்தான் இலையில் கை வைக்கிறார். அதை யாராவது வந்து பார்த்துத்தான் ஆக வேண்டும். என் வருத்தமெல்லாம் அதற்குப் பிறகு அலுவலகத்தில் நடந்ததைப் பற்றித்தான்.

வந்த அலுவலர் நல்ல மனிதர். ஃப்ரீசரைத் திறந்து பார்த்தார், எண்ணெய்ச் சட்டியில் கரண்டி விட்டுப் பார்த்தார். பச்சைக் கறி கீழ்த்தட்டிலும் வெந்தது மேல்தட்டிலும் இருக்க வேண்டும், குப்பைத் தொட்டிக்கு மூடி வேண்டும், எக்ஸாஸ்டுக்கு வலை போட வேண்டும், எண்ணெய் வடிய நியூஸ்பேப்பர் கூடாது என்று எழுதி, உணவு பாதுகாப்புச் சட்டம் பிரிவு 32-இன் கீழ் முன்னேற்ற அறிவிப்பு, அதாவது குறைகளைச் சரி செய்யச் சொல்லும் நோட்டீஸ், கொடுத்தார். இதற்குச் சட்டப்படி குறைந்தது 14 நாள் அவகாசம் உண்டு. "நாளைக்கே சரி பண்ணணும்" என்று யாராவது மிரட்டினால் பயப்படாதீர்கள், அறிவிப்பில் என்ன தேதி போட்டிருக்கிறது என்று பாருங்கள். சமையலறை வேலை எல்லாம் சீக்கிரமே முடிந்துவிட்டது.

உரிமம்தான் இழுத்தது. நாங்கள் விண்ணப்பித்தபோது வருட வியாபாரம் 12 லட்சம் வரை என்றால் பதிவு போதும், அதற்கு மேல் என்றால் உரிமம். ஒரு நாளைக்கு 3,300 ரூபாய் கல்லாவில் விழுந்தாலே வருடத்துக்கு 12 லட்சம் தாண்டிவிடும். அதனால் அப்போது சின்ன மெஸ்கூட உரிமத்துக்குள் வந்துவிட்டது. இப்போது வரம்பு என்ன என்பதை விண்ணப்பிக்கும்முன் உணவு உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் உங்கள் சொந்த மொபைல் எண்ணும் மின்னஞ்சலும்தான் இருக்க வேண்டும். பக்கத்து பேக்கரிக்காரர் ஏஜென்டிடம் விட்டார், ஏஜென்ட் தன் நம்பரைப் போட்டுவிட்டார். அலுவலகம் கேட்ட விளக்கம் இவருக்குத் தெரியவே இல்லை. 30 நாளுக்குள் பதில் போகாததால் விண்ணப்பம் தள்ளுபடி ஆனது. கட்டிய பணமும் போனது.

எங்களுக்கு முதல் அடி தண்ணீர் அறிக்கையில். ஊரில் இருக்கும் ஒரு சோதனைக் கூடத்தில் சொன்னோம். ஆள் வந்தார், பையில் இருந்து காலி மினரல் வாட்டர் பாட்டிலை எடுத்து, தொட்டியில் முக்கி, மூடியைத் திருகிக்கொண்டு போய்விட்டார். அறிக்கை அழகாக வந்தது. அலுவலகத்துக்கு எடுத்துப்போனால் அங்கிருந்த எழுத்தர் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "என்ஏபிஎல் முத்திரை எங்கங்க? இது செல்லாது." என்ஏபிஎல் என்பது சோதனைக் கூடங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய அமைப்பு. கட்டிய பணம், கடையை விட்டுவிட்டுப் போன அரை நாள், எல்லாம் வீண். இதை முதலிலேயே ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். கேட்டால், "எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்கிறார்.

அப்புறம் அங்கீகாரம் பெற்ற கூடம் ஒன்றைத் தேடிப் பிடித்தோம். அங்கிருந்து வந்த பையன் வேலை செய்த விதத்தைப் பார்த்தபோதுதான் முதல் ஆள் எவ்வளவு அலட்சியமாக இருந்தார் என்பது உறைத்தது. குழாயைத் துடைத்தான், வாயைத் தீயில் காட்டினான், தண்ணீரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டான். கிருமி நீக்கிய பாட்டிலில் விரல் படாமல் பிடித்து, ஐஸ் பெட்டிக்குள் வைத்தான். ஐஎஸ் 10500 தரப்படி 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலை இருக்கவே கூடாது. சும்மா கிடந்த பாட்டிலில் பிடித்தால் அந்த முடிவுக்கு என்ன மதிப்பு? எங்கள் பக்கத்துப் போர் தண்ணீருக்கு உப்பும் கடினத்தன்மையும் அதிகம், அதைப் பற்றித்தான் பயந்துகொண்டிருந்தேன். அனுமதித்த அளவுக்குள்ளேயே இருந்தது. கிருமிச் சோதனைக்கு நாள் பிடிக்கும் என்பதால் மற்ற காகிதங்களுக்கு முன் தண்ணீரைக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது ஆட்களின் மருத்துவச் சான்று. எங்களிடம் மாஸ்டர் தவிர மற்றவர்கள் ஒடிசா, பீகார் பையன்கள். எங்கள் குடும்ப டாக்டரிடம் எல்லாரையும் கூட்டிப்போய், பார்வை, தோல் எல்லாம் பார்த்து, டைபாய்டு ஊசி போட்டு, கையெழுத்து வாங்கினோம். எழுத்தர், "கவர்ன்மென்ட் டாக்டர்கிட்ட வாங்கிட்டு வாங்க, பிரைவேட் எல்லாம் எடுத்துக்க மாட்டோம்" என்றார். அரசு மருத்துவமனையில் காய்ச்சல்காரர்கள் வரிசை வாசல்வரை நிற்கிறது. அங்கே நல்ல உடம்போடு இருக்கிற பையன்களை நிறுத்த எனக்கே கூச்சமாக இருந்தது. அங்கிருந்த டாக்டரும் இன்னொரு நாள் வரச் சொல்லிவிட்டார்.

அன்று ராத்திரி கடை சாத்தியதும் உட்கார்ந்து விதிமுறையைத் தேடிப் படித்தேன். சுத்தம், சுகாதாரம் பற்றிய அட்டவணை 4-க்கான சான்றிதழ்ப் படிவத்தின் அடியிலேயே இருக்கிறது: பதிவு பெற்ற மருத்துவர் அல்லது சிவில் சர்ஜன் கையெழுத்து. பதிவு பெற்ற மருத்துவர் என்றால் எங்கள் டாக்டரும்தான். அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்து, அந்த வரியில் மஞ்சள் மை பூசி மறுநாள் கொண்டுபோய் வைத்தேன். எழுத்தர் படித்தார், ஒன்றும் பேசவில்லை, சான்றிதழ்களை வாங்கி ஃபைலில் வைத்தார். அந்த ஒரு நிமிடத்துக்காக எத்தனை தடவை வேண்டுமானாலும் அலையலாம் என்று தோன்றியது. சான்றிதழில் டாக்டரின் பதிவு எண்ணும் முத்திரையும் தெளிவாக இருக்கட்டும். பையன்கள் ஊருக்குப் போய் ஆள் மாறினால் புது ஆளுக்கும் உடனே எடுத்துவிடுங்கள்.

இனி முத்திரை விஷயம். அறிவிப்பில் சொன்னதையெல்லாம் சரி செய்துவிட்டோம் என்று போட்டோக்களோடு ஒரு கடிதம் எழுதி இரண்டு பிரதி கொண்டுபோனேன். ஒன்றில் பெறப்பட்டது என்று முத்திரை கேட்டேன். "அதெல்லாம் வேண்டாம்மா, வெச்சுட்டுப் போங்க." நான் வைக்கவில்லை. தபால் பிரிவு எங்கே என்று விசாரித்துப் போனேன், அங்கே மறுபேச்சு இல்லாமல் தேதியோடு குத்திக் கொடுத்தார்கள். எந்த அலுவலகத்திலும் சீட்டில் இருப்பவரிடம் கெஞ்சிக்கொண்டு நிற்காதீர்கள், நேராகத் தபால் பிரிவுக்குப் போங்கள்.

அந்த முத்திரைதான் எங்களைக் காப்பாற்றியது. கொஞ்ச நாளில் அந்த அலுவலருக்கு மாற்றல். புதிதாக வந்தவரிடம் எங்கள் கடிதம் போய்ச் சேரவே இல்லை. அறிவிப்புக்கு நாங்கள் பதிலே தரவில்லை என்று நினைத்துக்கொண்டுதான் கடைக்குள் நுழைந்தார். முன்னேற்ற அறிவிப்பை மதிக்காவிட்டால் உரிமத்தை நிறுத்தி வைக்கவே சட்டத்தில் இடமுண்டு. முத்திரைப் பிரதியைக் காட்டினேன். தேதியைப் பார்த்தார், போட்டோவையும் சமையலறையையும் ஒப்பிட்டுப் பார்த்தார். "சரிம்மா, இதோட ஜெராக்ஸ் ஒண்ணு குடுங்க" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஆனால் சிக்கன் 65 சிவப்பாக இருக்கிறதே என்று சந்தேகப்பட்டு மசாலாவில் மாதிரி எடுத்தார். சாப்பிட உட்கார்ந்தவர்கள் முன்னால் எடை போட்டு, நான்கு பங்காகப் பிரித்து, அரக்கு வைத்து என்னிடம் கையெழுத்து வாங்கினார். எடுத்த மசாலாவுக்குப் பணமும் கொடுத்தார், அது முறை. நாங்கள் காஷ்மீரி மிளகாய் அரைத்துப் போடுகிறோம், நிறம் அதில் இருந்து வருவது. அன்று சாயங்காலத்துக்குள் தெருவெல்லாம் "கலர் போடுறாங்களாம்" என்று பேச்சு. பார்சல் வியாபாரம் படுத்துவிட்டது. அது இன்னும் என் மனசில் இருக்கிறது.

நான்கு பங்கில் ஒன்று அரசுப் பகுப்பாய்வாளருக்குப் போகும், இரண்டு, மாவட்டத்தில் உணவு பாதுகாப்புக்குப் பொறுப்பான நியமன அலுவலரிடம் இருக்கும். நான்காவதை அங்கீகாரம் பெற்ற வேறு கூடத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்க நமக்கு உரிமை உண்டு என்று பிரிவு 47 சொல்கிறது. இரண்டு முடிவும் ஒத்துப்போகாவிட்டால் மேல் ஆய்வகத்தின் முடிவே இறுதி. பலருக்கு இது தெரியாது, யாரும் எடுத்துச் சொல்வதும் இல்லை. மாதிரி எடுக்கும்போதே எழுத்தில் கேட்டுவிடுங்கள். நான் அங்கேயே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். செலவு நம்முடையதுதான், ஆனாலும் நிம்மதி. பகுப்பாய்வு அறிக்கை 14 நாளில் வர வேண்டும், எங்களுக்கு அதைத் தாண்டித்தான் வந்தது. செயற்கை நிறம் இல்லை என்று இரண்டு அறிக்கையிலும் இருந்தது. இரண்டையும் பெரிதாக ஜெராக்ஸ் எடுத்து, வாசலில் விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டினோம். பார்சல் மெல்ல மெல்லத் திரும்பியது.

உரிமம் மின்னஞ்சலில் வந்துவிட்டது, கல்லாவுக்கு மேல் மாட்டியிருக்கிறோம். ஒரு வேலை மட்டும் பாக்கி. 2022 ஜனவரி 1 முதல் பில்லிலும் 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும். எங்கள் பில் மெஷினில் இன்னும் பழைய பதிவு எண்தான் அச்சாகிறது. மாற்றித் தருவதாகச் சொன்ன ஆள் வரும்வரை ஒவ்வொரு பில்லிலும் புது எண்ணை ரப்பர் ஸ்டாம்பால் குத்திக் கொடுக்கிறோம்.