என்னோட தப்புதானுங்க

"என்னோட தப்புதானுங்க சார்." எங்கள் கார்மென்ட்ஸ் கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் தம்பி சொன்னது இந்த ஒரு வரிதான்.

"இந்த ஃபான்ட் யாரைக் கேட்டு உள்ள வந்துச்சு?" என்று மேனேஜர் கேட்டபோது நான் ரெண்டடி தள்ளி நின்றிருந்தேன். சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவன் முந்திக்கொண்டான் என்றுதான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லி வருகிறேன். ஆனால் அவன் சொன்ன பிறகு மேனேஜர் அவனைத் திட்டியது ஒரு டம்ளர் டீ ஆறுகிற நேரம். அவ்வளவு நேரமும் எனக்கு வாய் இருந்தது. நான் பேசவில்லை.

2022 ஆடி மாசம். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு பையர் ஆடிட், எங்களிடம் துணி வாங்கும் கம்பெனிக்காக ஃபேக்டரியைச் சோதிக்க வருவது. தீப்பிடித்தால் எந்தப் படியில் இறங்குவது, எங்கே கூடுவது என்று தமிழ், இந்தி, ஒடியா மூன்றிலும் போஸ்டர் ஒட்டியாக வேண்டும். துணியில் தொங்கும் ஹேங்டேக், துவைக்கும் முறை சொல்லும் வாஷ்கேர் லேபிள் என்று பழகிய கைக்கு அது பெரிய வேலையே இல்லை. ஒடியா வரிகளை செக்கிங்கில் இருக்கும் ஒரு பையன் தன் போனில் அடித்துக் கொடுத்தான். பவர்பாயின்டில் ஏ3 அளவு வைத்து ஒட்டினேன், எழுத்து அழகாக நின்றது. விண்டோஸோடு வரும் நிர்மலா ஃபான்ட்டில் ஒடியாவும் இந்தியும் இருக்கின்றன, தமிழும் இருக்கிறது. ஆனால் எங்களிடம் இருந்த தமிழ் வாசகம் பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்ட்டில் அடித்தது. அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் அது தமிழே இல்லை. பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். மேலே போர்த்தியிருக்கும் ஃபான்ட்டை எடுத்துவிட்டால் அந்த ஆங்கில எழுத்துதான் மிஞ்சும். திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு ஒடியா சரியாகத் தெரிய, தமிழ் மட்டும் கிறுக்கலாகத் தெரிந்தது. அதைப் பார்த்தபோது வந்த ஆத்திரம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

கம்ப்யூட்டரில் எதையும் நாங்களாகப் போட முடியாது. பென் டிரைவ் கிடையாது, சொந்த மெயில் திறக்காது, ஃபான்ட் மாற்றித் தரும் சைட்டுகளும் திறக்காது. நாலு மணிக்கு அந்தக் கம்ப்யூட்டர் தம்பியிடம் போனேன்.

"மெயில் போடுங்கக்கா. ஹெட் ஆபீஸ் அப்ரூவல் வரோணும். ரெண்டு நாளாகும்."

"நாளைக்குக் காலைல ஆடிட்டு கண்ணு. ஒரு ஃபான்ட்டுதானே?"

"ஃபான்ட்டுக்குள்ளயும் வைரஸ் வருமுங்கக்கா."

தட்டிக்கழிக்கிறான் என்றுதான் நினைத்தேன். லேபிள் அடித்துத் தரும் கடைக்காரருக்குப் போன் செய்து, "அந்த ஃபான்ட் ஃபைலைப் பிடிஎஃப்னு பேர் மாத்தி ஆபீஸ் மெயிலுக்கு அனுப்புங்ணா" என்றேன். பில் மாதிரி வந்தது. பேரைத் திரும்ப மாற்றி, ரைட் கிளிக் செய்து, இன்ஸ்டால் கொடுத்தேன். பாஸ்வேர்ட் கேட்கும், அதோடு நிற்கும் என்று பாதி எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. விண்டோஸ் 10-இல் 1809 பதிப்பிலிருந்தே அட்மின் அனுமதி இல்லாமல் அவரவர் கணக்குக்கு மட்டும் ஃபான்ட் போட்டுக்கொள்ளலாம், கம்பெனி தனியாக அடைத்து வைக்காவிட்டால். அது எனக்கு அப்போது தெரியாது. ஏழரைக்கு பிரிண்ட் எடுத்து, லேமினேட் செய்து, மூன்று மாடியிலும் ஒட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

அந்தப் போஸ்டர் வெறும் ஆடிட்டுக்கானது இல்லை என்று இப்போதும் நம்புகிறேன். ஊத்துக்குளியிலிருந்தும் பெருந்துறையிலிருந்தும் கம்பெனி வேனில் வரும் அக்காமார்களுக்கு இந்தியும் தெரியாது, ஒடியாவும் தெரியாது. எந்தப் பக்கம் ஓடுவது என்பதை அவர்கள் தமிழில்தான் படிக்க வேண்டும். அதை ரெண்டு நாள் தள்ளிப்போடுவதுதான் விதி என்றால், அந்த விதியைத் தாண்டியதற்கு நான் வெட்கப்பட மாட்டேன்.

ஆனால் இங்கேதான் மனசு இடறுகிறது. மொத்த வாசகமும் முப்பத்தாறு வரி. எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே நிற்கும் யூனிகோடில் அடிக்கத் தெரிந்த ஒருத்தி அரை மணி நேரத்தில் திரும்ப அடித்திருப்பாள். எனக்குத் தெரியாது. காந்திபுரத்து டிடிபி கடையில் பாமினியில் வேலை பழகிய விரல்கள் இவை. 2010 ஜூனில் கோயம்புத்தூரில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது ராவும் பகலும் வரவேற்பு ஃபிளெக்ஸ் அடித்துக்கொண்டிருந்தேன். யூனிகோடும், டேஸ்-16 என்ற இன்னொரு எழுத்துக் குறியீட்டு முறையும் இனி அரசின் தரம் என்று ஆணை வந்ததும் அந்த நாட்களில்தான். கடையில் பேசிக்கொண்டார்கள். நமக்கெதுக்கு, வேலை ஓடுதே என்று விட்டுவிட்டேன். பன்னிரண்டு வருசம் கழித்து, பூட்டு போட்டவர்களின் மேல் கோபப்பட்டேன். கோபம் பொய் இல்லை. ஆனால் அன்றைக்கு என்னைத் தடுத்தது பூட்டு மட்டுந்தானா?

மூன்றாம் நாள் அந்த ஃபைல் மெயில் ரிப்போர்ட்டில் அகப்பட்டது. நிஜப் பிடிஎஃப் என்றால் அதன் தொடக்கத்திலேயே அதன் அடையாளம் எழுதியிருக்கும். பேரை மாற்றினால் அது வந்துவிடாது. லேபிள் கடைக்காரரின் மெயிலையும் நிறுத்திவைத்துவிட்டார்கள். ரிப்போர்ட்டில் இருந்தது எங்கள் செக்‌ஷனின் பொது லாகின், அதை மூன்று பேர் வைத்திருந்தோம். ஆனால் ஆடிட்டுக்கு முந்தின நாள் சாயந்திரம் வந்து ஃபான்ட் கேட்டது யார் என்று அவனுக்குத் தெரியாதா?

அன்று சாயந்திரம் டீ எடுக்குமிடத்தில் கேட்டேன்.

"ஏன் கண்ணு அப்படிச் சொன்னே?"

"நெசந்தானுங்கக்கா. ஃபான்ட் போட முடியாதபடி அடைச்சு வெச்சிருக்கோணும். நாந்தான் உட்டுட்டேன்."

இதைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். எனக்காகப் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டானா? இல்லை, தன் வேலையில் தான் விட்ட ஓட்டையை மட்டும் சொன்னானா? முதலாவது என்றால் நான் அவனுக்குக் கடன்பட்டவள். ரெண்டாவது என்றால், அவன் தன் தப்பை ஒத்துக்கொண்டான், நான் என் தப்பை ஒத்துக்கொள்ளவில்லை. எப்படிப் பார்த்தாலும் மெமோ அவனுக்குத்தான் போனது. "நீ போட்டதாத்தானே அவர் நெனச்சுட்டாரு?" என்று கேட்டதற்கு, "உடுங்கக்கா" என்றான். நானும் விட்டுவிட்டேன். தை முடிந்து அவன் சரவணம்பட்டியில் வேறு கம்பெனிக்குப் போனான். சம்பளம் கூட என்றான். அதுதான் காரணம் என்று நம்பத்தான் எனக்கு ஆசை.

அவன் போன பிறகு ஒரு விசயம் படித்தேன். 2011-இல் டூக்கூ என்று ஒரு வைரஸ். வேர்ட் ஃபைலுக்குள் ஒரு ஃபான்ட்டாக வந்து, விண்டோஸ் ஃபான்ட்டைப் படிக்கும் இடத்தில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. அவன் தட்டிக்கழிக்கவில்லை. அடுத்த சீசன் பிரிண்ட் டிசைன் மொத்தமும், பையர் இன்னும் வெளியே விடாதது, அதே நெட்வொர்க்கில்தான் கிடந்தது. கடைக்காரர் கம்ப்யூட்டரில் என்ன இருந்தது என்று நான் ஒரு வார்த்தை கேட்டேனா? ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஆகாமல் போனதில் என் கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை.

அந்தப் போஸ்டர் இன்னும் மாடிப்படியில் இருக்கிறது. ஒரு மூலையில் லேமினேஷன் பிரிந்துவிட்டது. அந்த வழியாக ஏறும்போதெல்லாம் நல்ல வேலைதான் என்று தோன்றும், உடனே அவன் ஞாபகம் வரும்.

இப்போது தமிழ்99 கீபோர்டில் யூனிகோட் அடிக்கப் பழகிவிட்டேன். என் பக்கத்து சீட்டுக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். பிரிண்ட்டுக்கு ஏதோ ஒரு ஃபான்ட் வேண்டுமாம். பேரை மாற்றி மெயிலில் வரவைத்தால் என்ன என்று அவளாகவே கேட்டாள். முறையாக ரிக்வஸ்ட் போடச் சொன்னேன். பழைய கதையைச் சொல்லவில்லை. இன்றைக்கு ஒன்பதாவது நாள், பதில் வரவில்லை. வெள்ளிக்கிழமை பையருக்கு டிசைன் போக வேண்டும். காலையில் வந்ததும் என் முகத்தைப் பார்த்து, "என்னுங்கக்கா பண்றது?" என்று கேட்கிறாள்.