தொங்கு எல்ம்: இலையைப் பார்க்காதீர்கள், ஒட்டைப் பாருங்கள்

நம் தென்னாப்பிரிக்க நர்சரியில் தொங்கு எல்ம் மரம் வாங்கப் போகிறவர்கள் இலையைப் பார்ப்பார்கள், விலையைப் பார்ப்பார்கள். ஒட்டுக் கட்டிய இடத்தைப் பார்ப்பவர்கள் குறைவு. நேராக வளர்ந்த வேர்ச்செடியின் (வேரும் அடித்தண்டும் தரும் செடி) உச்சியில் ஒட்டுக் கட்டியிருப்பார்கள். அங்கிருந்துதான் கிளைகள் வளைந்து இறங்கும். ஒட்டு 1.5 மீட்டரில் இருந்தால் 20 வருடம் கழித்தும் அங்கேதான் இருக்கும். தலை மட்டும் வருடா வருடம் அடுக்கடுக்காகக் கொஞ்சம் ஏறும். பெரிய தோட்டத்துக்கு 2 மீட்டருக்குக் குறைந்த ஒட்டை வாங்காதீர்கள். குட்டையாக வாங்கிவிட்டால் பிறகு எந்த உரம் போட்டாலும் உயரம் வராது; புல்வெளி நடுவே ஒரு புதர் உட்கார்ந்திருக்கும்.

இரண்டு வகை உண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள். கேம்பர்டவுன் எல்ம் முறுக்கிக்கொண்டு தரைவரை தொங்கும். 4 அல்லது 5 மீட்டர் உயரம், அதே அளவோ அதைவிடக் கூடவோ அகலம். இன்னொன்று ஹாரிசான்டாலிஸ்: கிளைகள் முதலில் பக்கவாட்டில் நீண்டு, நுனியில்தான் தாழும். அதற்கு 10 மீட்டர் அகலத்தையாவது ஒதுக்க வேண்டும். கேம்பர்டவுன் எல்ம் பிறந்தது ஸ்காட்லாந்தின் டண்டீ அருகே, கேம்பர்டவுன் மாளிகைத் தோட்டத்தில், 1830களின் பிற்பாதியில். என்3 நெடுஞ்சாலையோரம் இருக்கும் நம் குவாசுலு-நட்டால் மாகாணத்துக் கேம்பர்டவுனுக்கும் அதற்கும் பெயர் மட்டும்தான் ஒன்று. ஸ்காட்லாந்தின் அந்த ஒரே மரத்திலிருந்து ஒட்டு வழியாகவே உலகமெங்கும் பரவியது. ஆகவே கேம்பர்டவுன் எல்ம் விதை என்று யாராவது விற்றால் பையை மூடிக்கொண்டு நகருங்கள்.

இது குளிர் கேட்கும் மரம். ஹோவிக், நாட்டிங்ஹாம் ரோடு, மூய் ரிவர், வடக்கே நம் மாகாணத்து டண்டீ, ஜோகன்னஸ்பர்க் மேட்டு நிலம் எல்லாம் சரி. டர்பன் கடற்கரைப் பக்கம் வேண்டாம். குளிர்கால ஓய்வு கிடைக்காமல் வசந்தத்தில் மொட்டு ஒழுங்கில்லாமல் விரியும். உப்புக் காற்று வேறு இலையைக் கருக்கும். அங்கே இருப்பவர்கள் சீன எல்மில் தொங்கும் ரகம் கிடைத்தால் அதை வைக்கலாம். டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் மாதிரி இடங்களின் சின்ன வீட்டு முற்றத்தில் எந்தத் தொங்கு எல்மும் அடங்காது. எல்ம் வேர் மேலாகவே ஓடும். நடைபாதைக் கல்லைத் தூக்கும், கழிவுநீர்க் குழாயில் விரிசல் இருந்தால் உள்ளே நுழையும். கட்டடம், குழாய், நீச்சல் குளம் மூன்றிலிருந்தும் குறைந்தது 7 மீட்டர் தள்ளி வையுங்கள். வேலியோரத்தில் ஒளிக்காமல் தனியாக நிறுத்துங்கள். இங்கே குளிர்காலமான ஜூனில் இலை உதிர்ந்தபின் தெரியும் அந்த முறுக்கல்தான் இந்த மரத்தின் அழகே.

நடுவதற்கு ஜூலை கடைசி, ஆடி மாத நடுப்பகுதி நல்லது. குழியை வேர்ப்பந்தைப்போல மூன்று மடங்கு அகலமாக வெட்டுங்கள். ஆழம் மட்டும் பந்தின் உயரத்துக்கு மேல் போகக்கூடாது. ஆழமாகத் தோண்டி அடியில் எருவைக் கொட்டினால் எரு மக்க மக்க மரம் உள்ளே இறங்கும், தண்டடி மண்ணுக்குள் போய் அழுகும். பையைக் கிழித்ததும் வேர் வட்டமாகச் சுற்றியிருக்கிறதா பாருங்கள். சுற்றியிருந்தால் கத்தியால் மூன்று நான்கு இடத்தில் மேலிருந்து கீழாகக் கீறிவிடுங்கள். மிட்லண்ட்ஸ் எனும் ஹோவிக் பக்கத்துச் செம்மண் பெரும்பாலும் புளிப்பு, எல்முக்கு அது பிடிக்காது. சீடாராவில் இருக்கும் மாகாண வேளாண் துறை ஆய்வுக்கூடத்தில் மண்ணைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, அவர்கள் சொல்கிற அளவுக்கு டோலமைட் சுண்ணாம்பைக் கலப்பது நல்லது. கண்ணால் பார்த்துச் சுண்ணாம்பு போடாதீர்கள். உரம் முதல் வருடம் வேண்டாம். அடுத்த செப்டம்பரில் 2:3:2 உரம் (தழை, மணி, சாம்பல் சத்தின் விகிதம்) இரண்டு கைப்பிடி, கிளை விளிம்புக்கு நேர் கீழே தூவி நீர் விட்டால் போதும்.

சாதாரண மரத்துக்குக் குட்டை முளைக்கம்பு போதும். இதற்குப் போதாது, ஏனென்றால் பாரம் முழுக்க உச்சியில். ஆகஸ்ட் காற்றில் தலை ஆடினால் ஒட்டுப் பொருத்தம் விட்டுப்போகும். இரண்டு பக்கமும் இரண்டு கம்பு, 60 செ.மீ. மண்ணுக்குள், மேல்முனை ஒட்டுக்குச் சற்றுக் கீழே வரை. கட்டுவதற்குப் பழைய சைக்கிள் டியூப், எட்டுப் போட்ட மாதிரி. கம்பி வேண்டவே வேண்டாம். இரண்டு குளிர்காலம் ஆனதும் கம்பைப் பிடுங்கிவிடுங்கள்.

தண்டைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கிகுயூ புல்லை வேரோடு எடுத்துவிடுங்கள். தண்ணீரையும் சத்தையும் அதுதான் முதலில் குடிக்கும். புல்லைவிட ஆபத்து புல்வெட்டி மிஷினின் நைலான் நூல். தண்டடிப் பட்டையைச் சுற்றிலும் உரித்துவிட்டால் மரம் அவ்வளவுதான். 8 செ.மீ. மூடாக்குப் போட்டுத் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்துங்கள். முதல் இரண்டு வருடம் ஆகஸ்டிலிருந்து மழை பிடிக்கும்வரை வாரத்துக்கு 40 லிட்டர், ஒரே தடவையில், மெதுவாக. மலையிலிருந்து வெந்த பெர்க் காற்று அடிக்கிற வாரம் இரண்டு தடவை. செப்டம்பர், அக்டோபரில் இளம் இலையின் ஓரம் பழுப்பாகக் கருகினால் காரணம் அந்தக் காற்றுதான். சத்துக் குறைவு என்று நினைத்து உரம் போடுகிறவர்கள் கருகலைக் கூட்டிக்கொள்கிறார்கள்.

இனி ஒட்டுக்குக் கீழே முளைக்கிற தளிர். இடம் கொடுத்தால் மடம் பிடுங்கும் என்பது இதற்குத்தான். வேர்ச்செடி பலசாலி, ஒரு கோடையை விட்டுவைத்தால் அதன் கிளை தலையைத் தாண்டி நிமிர்ந்து நிற்கும், தொங்கும் பகுதி பசியில் வாடும். இலையை வைத்துப் பிரித்தறியலாம் என்று நம்பாதீர்கள். வேர்ச்செடியும் கேம்பர்டவுன் எல்மின் இனமான விட்ச் எல்மாக இருந்தால் இரண்டுக்கும் அதே அகலமான, சொரசொரப்பான, காம்படியில் ஒரு பக்கம் இறங்கிய இலைதான். போகும் திசையைப் பாருங்கள்: நேராக மேலே போனால் வேர்ச்செடி. தளிர் பிஞ்சாக இருக்கும்போதே கையால் கீழ்நோக்கி இழுத்துக் கிள்ளிவிடுங்கள். கத்தரித்தால் அடிமொட்டு தங்கி, ஒன்றுக்கு நான்காக வரும்.

கவாத்து ஜூலையில், இலை இல்லாதபோது. பலர் செய்வது தொங்கும் நுனியை வட்டமாக நேர்க்கோட்டில் வெட்டுவது. வெட்டிய இடத்திலெல்லாம் கொத்துக் கொத்தாகத் துளிர்த்து, அடுத்த வருடம் துடைப்பம்தான் மிஞ்சும். மரத்துக்கு உள்ளே நுழைந்து நின்று தொடங்குங்கள். காய்ந்த குச்சி, ஒன்றோடொன்று உரசும் கிளை, தண்டை ஒட்டி உள்ளே திரும்பிய கிளை, இந்த மூன்றும் முதலில். இளமரத்தில் முதல் ஐந்தாறு வருடம், ஒவ்வொரு கிளையையும் மேல்நோக்கிய மொட்டுக்கு அடுத்து வெட்டுங்கள். அந்த மொட்டு முதலில் மேலும் வெளியுமாக வளைந்து போய்த்தான் இறங்கும். அப்படித்தான் தலை அகலும். கீழ்நோக்கிய மொட்டில் வெட்டினால் கிளை தண்டோடு ஒட்டிச் சரிந்து தொங்கும். தரையிலிருந்து ஒரு முழம் இடைவெளி இருந்தால் காற்று ஓடும். மொத்தத்தில் கால் பங்குக்கு மேல் ஒரே வருடத்தில் எடுக்காதீர்கள். ஆகஸ்ட் கடைசியில் சாறு ஏறியபின் வெட்டினால் காயம் வாரக்கணக்கில் கசியும்.

சொந்தமாக ஒட்டுக் கட்ட நினைப்பவர்களுக்குச் சுருக்கமாக: ஜூலையில் பென்சில் பருமனில் போன வருடக் குச்சியை 15 செ.மீ. நீளத்தில் எடுத்து, ஈரச் செய்தித்தாளில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். செப்டம்பரில் வேர்ச்செடியின் பட்டை எளிதாகக் கழன்று வரும்போது, 2 மீட்டரில் தலையை வெட்டிப் பட்டை ஒட்டாகச் செருகுங்கள். ஒரே குச்சி செருகினால் தலை ஒரு பக்கமாகச் சாயும். சுற்றிலும் சம தூரத்தில் மூன்று வேண்டும். நாடாவால் இறுக்கி மெழுகு பூசி, பெர்க் காற்றுக்குக் காகிதப் பையால் மூடிவிடுங்கள்.

அசுவினி வரும், இலை சுருளும், பெரிய மரத்தில் அதைப் பொருட்படுத்த வேண்டாம். பொருட்படுத்த வேண்டியது ஷாட் ஹோல் போரர் வண்டு. 2017இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாவரவியல் தோட்டத்துப் பிளேன் மரங்களில் கண்டுபிடிக்கப்பட்டது, பிறகு நாடெங்கும். வண்டு 2 மி.மீ.தான், மரத்தைக் கெடுப்பது அது உள்ளே கொண்டுபோய் வளர்க்கும் பூஞ்சை. தண்டில் பால்பாயிண்ட் பேனா முனை அளவுத் துளைகள், சுற்றிலும் கருத்த கறை, பிசின் அல்லது மாவு போன்ற தூள் தெரிந்தால் மரம் தெரிந்தவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். தாக்கிய கிளையை வெட்டி அதே இடத்தில் பொடித்து, தெளிவான பிளாஸ்டிக் விரிப்பால் இறுக மூடி, வெயிலில் கோடை முழுக்க வையுங்கள். நல்ல காய்ந்த கட்டை என்று பக்கி வண்டியில் ஏற்றி அண்ணன் வீட்டுப் பிராய்க்கு (இறைச்சி சுடும் அடுப்புக்கு) அனுப்பிவைக்காதீர்கள். இந்த வண்டு ஊர் விட்டு ஊர் போவது விறகோடுதான்.