புதிய சட்டம் வருமுன் பழைய ஒப்பந்தத்தைப் படியுங்கள்

சிறு நிறுவனம் நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தொழிலாளர் சட்டம் மாறப்போகிறது என்று செய்தி வந்ததும், இணையத்தில் கிடைக்கும் ஒப்பந்த மாதிரி ஒன்றை இறக்கி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிடாதீர்கள், தயவுசெய்து.

முதலில் பழைய ஒப்பந்தங்களோடு உட்காருங்கள். யாருக்கு எழுத்தில் எதுவுமே கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் தெரியும். வேலை நேரம், கூடுதல் நேரச் சம்பளம், விடுப்பு, வேலையை விட்டு நிற்பதற்கான முன்னறிவிப்பு ஆகியவற்றைப் புதிய விதிகளோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். சட்டம் தரும் குறைந்தபட்ச உரிமையைக் குறைத்து எழுதிக் கையெழுத்து வாங்கினாலும் பொதுவாக அது செல்லாது. கூடுதலாகக் கொடுக்கத் தடையில்லை.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது 'ஃப்ரீலான்சர்' என்ற சொல். தினமும் நீங்கள் சொல்லும் நேரத்துக்கு வந்து, உங்கள் கருவிகளில், உங்கள் மேற்பார்வையில் வேலை செய்கிறவரை அப்படிக் குறிப்பிட்டுவிட்டால் அவர் ஊழியர் இல்லை என்றாகிவிடுமா? ஆகாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2006ஆம் ஆண்டுப் பரிந்துரை, எண் 198, இதைத் தெளிவாகச் சொல்கிறது: ஒப்பந்தத்தில் வைத்த பெயரை விட, வேலை உண்மையில் எப்படி நடக்கிறது என்பதுதான் முக்கியம். பின்னாளில் வழக்கு என்று வந்தால் விடுபட்ட சலுகைகளை எல்லாம் மொத்தமாகக் கொடுக்க வேண்டிவரலாம். சிறு நிறுவனம் அதைத் தாங்காது.

அப்புறம், சம்பளக் கணக்கை ஒரு மாதம் முன்பே புதிய விதிப்படி போட்டுப் பாருங்கள்.

ஊழியர்களிடம் கடைசி நாளில் காகிதத்தை நீட்டாதீர்கள். எது மாறுகிறது, எப்போதிலிருந்து என்று அவர்களுக்குப் புரியும்படி சொல்லி, படிக்க நாலு நாள் கொடுங்கள். கையெழுத்தான பிரதி ஒன்று அவர்களிடமும் இருக்கட்டும்.